நாலு இஞ்சு

மழை விட்ட பிறகு
ஒர்க்ஷாப் தகரத்தில் ஒரு சத்தம்.
தேங்காய்க்குக் குறைவு, குரும்பைக்கு அதிகம்.
ஏறிப் பார்த்தால் கிளி.
குருவி அளவு. வாலை யாரோ பாதியில் நறுக்கிவிட்டது போல்.
முதுகடி சிவப்பு, அலகு சிவப்பு,
கண் மட்டும் எங்கேயோ.
மூக்கருகே கொண்டுபோனேன்.
எனக்குத் தெரிந்த மணம்.

எங்கள் பளுகலில்
ரோட்டுக்கு இந்தப்புறம் தெங்கில் கள்ளுக்கலயம் கட்டினால் கேஸ்.
அந்தப்புறத்துத் தெங்குக்குக் கேஸ் கிடையாது.
கிளி என்ன கண்டது,
குடித்தது கேரளத்தில்
விழுந்தது எனக்க தகரத்தில்.
நானும் பல காலம் இப்படித்தான் வீடு வந்தேன்.

நான் தொட்டு நூற்றுப் பதினொரு நாள்.
புஷ்பலீலா காலண்டரில்
பால் கணக்குக்குப் பக்கத்தில்
அதற்கும் ஒரு கோடு போடுகிறாள்.

"ஒனக்க கூட்டாளி வந்திருக்கான்" என்றாள்.
பாளையங்கோடன் பழம் மசித்துக்கொண்டே
ஜெனிஷா கேட்டாள், "வளப்போமா அப்பா?"
பெயரும் வைத்தாயிற்று, சோடா என்று.
அவள் அம்மை என்னைப் பார்த்தாள்.
நான் கிளியைப் பார்த்தேன்.

கூடு எனக்கு அரை மணிக்கூறு வேலை.
கான்வென்ட் ஜன்னலுக்கு வாங்கிய ராடில் மிச்சம் உண்டு,
கோழிவலை ஒன்றரை மீட்டர்.
சிமெண்டுத் தரையில் சாக்பீசால் வரைந்தேன்
ஒரு அடி, ஒன்றேகால் அடி,
கதவு இடப்பக்கம்.
அப்போது பார்த்து
தங்கராஜ் மேசிரி ரோட்டிலிருந்தே சொன்னார்:
"தத்தைச்சின்னனாக்கும் அது. தலகீழா தொங்கித்தான் ஒறங்கும்."
அப்படியானால் எது தரை, எது கூரை?
எங்கிருந்து அளவெடுக்க?
சாக்பீசைக் காதில் செருகிக்கொண்டு
வெகுநேரம் நின்றேன்.

"பாரஸ்டுகாரன் வந்தா ஆரு பதில் சொல்லுவா?"
என்றவள், கொஞ்சம் கழித்து
"செரி, தெளியட்டு. பெறவு பாப்போம்" என்றாள்.
இதே வார்த்தையை, இதே தொண்டையில்,
ஒருமுறை என் அண்ணனிடம்
போனில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

முதல் மாசம் என்னை உள்ளே வைத்துப் பூட்டினாள்.
அந்த ஜன்னலும் நான் வெல்டு பண்ணினதுதான்.
நல்ல வேலை. அசையாது.
ஆட்டிப் பார்த்திருக்கிறேன்.
பிறகொரு நாள் சாவியைக் கடுகுடப்பாவில் போட்டாள்,
நான் பார்க்கும்படியாக.
அன்றைக்குத்தான் எனக்குக் கை அதிகம் நடுங்கியது.

ராத்திரி கிளியை மீன்கூடையில் வைத்து
துவர்த்தால் மூடினோம்.
நாலு மணிக்கு
ரப்பர் வெட்டுக்காரர்கள் தலைவிளக்கோடு போகிற நேரம்
முழிப்பு வந்தது.
கூடையில் ஆளில்லை.
ஜன்னலின் குறுக்குக்கம்பியில் தலைகீழாய்த்
தொங்கிக்கொண்டிருந்தது,
பச்சையாய் ஒரு முடிச்சு.

விடிய விடிய அதையே பார்த்திருந்தேன்.
துவர்த்து கையில்தான் இருந்தது.
எட்டினால் பிடித்திருக்கலாம்.
பிடிக்க வேண்டுமா என்பதுதான்
வெளிச்சம் வந்தபிறகும் முடிவாகவில்லை.

அது ஒரு கண் திறந்தது.
கண் இப்போது இங்கேதான் இருந்தது.
நிமிர்ந்து, சிறகைக் கோதி,
தையல் மெஷினில் ஒரு சொட்டு எச்சமும் போட்டு,
வெளியே போனது.
கம்பிக்குக் கம்பி நாலு இஞ்சு.
கள்ளனைக் கணக்காக்கி நான் வைத்த இடைவெளி.

கிழக்கே போகும் என்று ஒரு நப்பாசை.
மேற்கே போனது,
நூல் பிடித்தது போல் அந்தத் தெங்குக்கே.

"போச்சா?" அடுக்களையிலிருந்து.
"போச்சு."
"எங்கோட்டு?"
"தெரியல்ல."
நூற்றுப் பன்னிரண்டாம் நாளின் பொய் அது.
என்னைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
காலண்டரில் கோட்டைப் போட்டாள்.

ஜெனிஷா அழவில்லை.
சாக்பீஸ் கூட்டுக்குள் ஒரு பழத்தை வைத்துவிட்டு
பள்ளிக்கூடம் போனாள்.
மழை பெய்து விட்டால்
தகரத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள்.